பேரம் பேசாத மகான்

கொத்தமல்லிக் கட்டு வாங்கினால் கறிவேப்பிலை கொசுறு கேட்காமல் கடையை விட்டு நகராத வம்சம் நம்முடையது. 'ஒரே விலை' என்று கொட்டை எழுத்தில் எழுதிய ஜவுளிக்கடையிலும், குறைந்தபட்சம் ஒரு கட்டைப்பையாவது கூடுதலாகக் கேட்டு வாங்கிய பிறகுதான் நமக்குப் புடவை வாங்கிய நிறைவு வரும். இப்படிப்பட்ட மண்ணில், ஒரு பழைய காருக்கு இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் என்று விலை சொன்னதும், "ஓகே சார், முடிச்சிக்கலாம்" என்று ஒரே மூச்சில் சம்மதிக்கும் ஒரு மகான் உலவுகிறார். நான் அவரை நேரில் கண்டதில்லை. கண்டவர் யாரும் இல்லை. அவர் அசரீரி. குரலாக மட்டுமே வருவார்.

என்னிடம் 2012 மாடல் சின்னக் கார் ஒன்று இருந்தது. விற்றுவிடலாம் என்று முடிவெடுத்து, கழுவித் துடைத்து, இடது பக்கமாகவே நாலு படம் எடுத்தேன். வலது கதவில் எங்கள் வீட்டு கேட் தூண் தன் கையெழுத்தைப் போட்டிருந்தது. விளம்பரம் ஏறியது. அடுப்படியில் டிகாஷன் இறங்குவதற்குள் போன்.

"சார், கார் இருக்கா?"

"இருக்கு."

"போட்டோ பார்த்தேன் சார். சொந்தப் பிள்ளை மாதிரி வெச்சிருக்கீங்க. நீங்க சொன்ன ரேட்டே ஓகே. வேற யாருக்கும் காட்டிடாதீங்க. அட்வான்ஸ் இப்பவே அனுப்பிடறேன்."

பன்னிரண்டு வருஷத்தில் என் காரை முதன்முதலாக ஒருவர் பாராட்டினார். என் மனைவி அதை 'உங்க தகர டப்பா' என்றுதான் சொல்வாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மகானின் முதல் ஆயுதம் இதுதான். பணத்தில் கை வைப்பதற்கு முன் மனசில் வைப்பார்.

அடுத்தது சீருடை. மகான் பெரும்பாலும் பட்டாளத்தில் இருப்பார், அல்லது விமான நிலையக் காவலில் இருப்பார். வாட்ஸ்அப் படத்தில் பின்னால் கொடி பறக்கும். லீவு கிடைக்காது, அதனால் நேரில் வர முடியாது. நாம் கேட்காமலே அடையாள அட்டை, ஆதார், கேன்டீன் கார்டு என்று வரிசையாகப் படங்கள் வந்து விழும். நம் ஊரில் உண்மையான ஆள் ஜெராக்ஸ் கடைக்காரரிடம் ஆதாரைக் கொடுக்கவே ரெண்டு தடவை யோசிப்பான். இவர் வெற்றிலை பாக்கு மாதிரி தட்டில் வைத்து நீட்டுவார். அந்த அட்டை யாருடையது தெரியுமா? போன மாசம் யாரோ ஒரு அப்பாவி நம்பி அனுப்பியது. இந்த மாசம் நான் என்னுடையதை அனுப்பினால், அடுத்த மாசம் என் தொப்பையோடு நானும் பட்டாளத்தில் சேர்ந்துவிடுவேன். எங்கள் தெருவில் நிஜமாகவே பட்டாளத்தில் இருபது வருஷம் இருந்தவர் ஒருவர் உண்டு. கீரைக்காரம்மாவிடம் அவர் நடத்தும் பேரத்தைக் கேட்டவர்கள், மேற்படி மகானைப் பட்டாளத்துக்காரர் என்று கனவிலும் நம்பமாட்டார்கள்.

மகான் எதைக் கேட்கிறார் என்பதைவிட எதைக் கேட்பதில்லை என்பதில்தான் அவர் ஜாதகமே இருக்கிறது. எத்தனாவது ஓனர் என்று கேட்கமாட்டார். எத்தனை கிலோமீட்டர் ஓடியது, இன்சூரன்ஸ் எதுவரை, ஆர்.சி. புத்தகத்தில் லோன் பாக்கி எதுவும் நிற்கிறதா என்றெல்லாம் வாய் திறக்கமாட்டார். வண்டியில் ஸ்டியரிங் இருக்கிறதா என்றுகூடக் கேட்டதில்லை. அவருக்கு வேண்டிய ஒரே தகவல், என் போன் நம்பரில் எந்த பேங்க் கணக்கு சேர்ந்திருக்கிறது என்பதுதான்.

பிறகு ஒரு கட்டம் போட்ட படம் வந்தது. க்யூஆர் கோடு.

"ஸ்கேன் பண்ணுங்க சார். அஞ்சாயிரம்னு காட்டும். உங்க பின் நம்பரைப் போட்டீங்கன்னா உங்க அக்கவுண்ட்ல விழுந்துடும்."

நான் விரலைத் தூக்கியே விட்டேன். கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னடா பண்றே?"

"காருக்கு அட்வான்ஸ் வருதும்மா."

"வரட்டும். அதுக்கு நீ எதுக்கு நம்பர் போடணும்? உண்டியல்ல காசு போடறவன் எங்கியாவது சாவி கேப்பானா?"

யுபிஐ 2016-இல் வந்தது. அன்றிலிருந்து எத்தனையோ நிபுணர்கள் எத்தனையோ மேடையில் விளக்கியும் எனக்கு ஏறாத விஷயத்தை, அம்மா கீரைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே சொல்லி முடித்துவிட்டாள். பணம் வாங்க பின் நம்பர் வேண்டவே வேண்டாம். ஸ்கேன் செய்யவும் வேண்டாம். பின் நம்பரைப் போட்டால் காசு நம்மைவிட்டுப் போகும். வராது. ஆளுக்கு ஆள் 'பணம் கொடு' என்று கோரிக்கை அனுப்பும் வசதியை 2025 அக்டோபரில் எடுத்துவிட்டார்கள். மகான் அதற்கெல்லாம் அசரவில்லை. கையில் கட்டம் போட்ட படம் இன்னும் இருக்கிறதே!

"பின் போட முடியாது, அக்கவுண்ட் நம்பர் தரேன், அதுல போடுங்க" என்றேன். தேனாக வழிந்த குரல் சட்டென்று வேப்பெண்ணெய் ஆனது. "நாட்டுக்காக உசிரைக் குடுக்கறவனையே நம்பமாட்டீங்களா சார்?" என்றார். ஐயாயிரம் ரூபாய் விவகாரத்தில் ஒருவர் நாட்டை இழுத்தால், போனை வைத்துவிடுவதுதான் நாட்டுக்கு நாம் செய்யும் தொண்டு.

மகான் தனி ஆள் இல்லை. குடும்பஸ்தர். அவருக்கு ஒரு தம்பி உண்டு. கை தவறிய வள்ளல். ஐயாயிரம் அனுப்ப வேண்டிய இடத்தில் ஐம்பதாயிரம் அனுப்பிவிட்டதாகப் பதறுவார். "அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவுக்கு வெச்ச காசு சார், நாப்பத்தஞ்சைத் திருப்பி அனுப்பிடுங்க!" பார்த்தால் நம் போனில் 'உங்கள் கணக்கில் ரூ.50,000 வரவு' என்று குறுஞ்செய்தி இருக்கும். அது பேங்க்கின் பெயரில் வராமல் யாரோ ஒருவரின் பத்து இலக்க நம்பரிலிருந்து வந்திருக்கும். செய்தியை எவனும் தட்டச்சு செய்யலாம். பாஸ்புக்கில் எழுத முடியாது. கணக்கைத் திறந்து இருப்பைப் பார்த்தால் நேற்று இருந்த எண்ணூற்றுச் சொச்சமே இருக்கும். இந்தத் தம்பி சில சமயம் செக்கும் கொடுப்பார். செக்கைப் போட்டதும் கணக்கில் ஒரு தொகை தெரியலாம். அது கையில் எடுக்கும்படி பாஸாகி வரும்வரை, பந்தியில் இலை மட்டும்தான் போட்டிருக்கிறது என்று அர்த்தம். சாப்பாடு வரவில்லை.

மகானுக்கு மாமா ஒருவர் உண்டு, ஓட்டிப் பார்ப்பவர். வெள்ளைச் சட்டை, தங்கச் செயின், கைநிறைய மோதிரம். "ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துடறேன், அதுவரைக்கும் என் பைக் இங்க நிக்கட்டும்" என்பார். போனவர் போனவர்தான். நின்ற பைக்கும் வேறு தெருவில் யாரோ தேடிக்கொண்டிருக்கும் பைக்காக இருக்கும். சாவியைக் கொடுக்கும் முன் லைசென்ஸைப் பார்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டு, பக்கத்து சீட்டில் நாமும் ஏறி உட்கார வேண்டும். நம் பெண்ணைப் பார்க்க வந்த பையனோடு அவளைத் தனியாக ஊர் சுற்ற அனுப்புவோமா?

குடும்பத்தில் மிகப் பெரிய கலைஞர் சித்தப்பா. எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் அவர் போட்ட நாடகம் இது. சித்தப்பா இவரிடம் போனில் விலையை முடித்துவிட்டு, "என் பார்ட்னர் வந்து வண்டியைப் பார்ப்பார். எனக்கும் அவருக்கும் ஒரு கணக்கு இருக்கு. அவர்கிட்ட விலை மட்டும் பேசிடாதீங்க" என்றிருக்கிறார். அதே வண்டியின் படங்களை எடுத்து, வேறொரு இடத்தில், எழுபதாயிரம் குறைத்து, தன் பெயரில் விளம்பரமும் போட்டிருக்கிறார். அதைப் பார்த்து வந்தவரிடம், "வண்டி என் மச்சான் வீட்ல நிக்குது. மனுஷன் கொஞ்சம் ஒரு மாதிரி. அவர்கிட்ட விலை மட்டும் பேசிடாதீங்க" என்றிருக்கிறார்.

இரண்டு பேரும் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். காபி வந்தது. மழையைப் பற்றிப் பேசினார்கள், மெட்ரோ பள்ளத்தைப் பற்றிப் பேசினார்கள், பிள்ளைகள் படிப்பைப் பற்றியும் பேசி முடித்தார்கள். விலையைப் பற்றி மட்டும் பேசவில்லை. ஒருவரை ஒருவர் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டார்கள். வந்தவர் போனை எடுத்து, சித்தப்பா சொன்ன கணக்கில் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்தைப் போட்டுவிட்டு, "அப்ப சாவி?" என்றார். "அப்ப பணம்?" என்றார் இவர். அதற்குப் பிறகு மழையைப் பற்றி யாரும் பேசவில்லை. 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்கு உடனே போன் செய்தார்கள். அங்கே முதல் ஒரு மணி நேரத்துக்குள் போன் வந்தால், காசு கை மாறிக் கை மாறிப் போவதற்குள் எங்காவது நிறுத்திவைக்க வழி உண்டு. இவர்கள் இருவரும் 'விலை என்ன சொன்னாங்க?' என்று முதல் மடக்கு காபியிலேயே கேட்டிருந்தால் அந்த போனுக்கே வேலை இருந்திருக்காது.

கடைசியில் என் காரை வாங்கியவர் பல்லாவரத்துக்காரர். மெக்கானிக், மச்சான், பக்கத்து வீட்டுப் பெரியவர் என்று மூன்று பேரோடு வந்து இறங்கினார். வணக்கம் சொல்லவில்லை. நேராக வலது பக்கம் போனார்.

"போட்டோல இந்தப் பக்கம் இல்லையே?"

எனக்கு அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது.

மெக்கானிக் கால் மிதியடியைத் தூக்கிக் கார்ப்பெட்டை மோந்து பார்த்தார். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, சேற்றுக் கறை இருக்கிறதா என்று தடவினார். 2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த சென்னைக்காரன் பழைய காரை இப்படித்தான் பார்ப்பான். இன்ஜினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்து புகையைப் பார்த்தார். டயரில் இருந்த நாலு இலக்கத்தைப் படித்து, "பத்தொன்பதாம் வருஷத்து டயர், ஓனரைவிட வழுக்கையா இருக்கு" என்றார். நான் தலையைத் தடவிக்கொண்டேன். மச்சான் ஏ.சி.யை விசிறி என்றார். பெரியவர் ஹாரனை அடித்துப் பார்த்து, "தொண்டை கட்டியிருக்கு" என்றார். ஒரு மணி நேரத்தில் என் பிள்ளை போன்ற வண்டியைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டு, ஒன்று அறுபது என்றார் பல்லாவரத்துக்காரர்.

அந்த நிமிஷம் அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. காசு கொடுக்கப்போகிறவனுக்குத்தான் குறை கண்ணில் படும். எடுக்க வந்தவனுக்கு எல்லாமே அழகுதான். இரண்டு மணி நேரம் இழுத்து ஒன்று எண்பத்தி இரண்டில் நின்றது. அதன் பிறகும் ஐந்நூறு ரூபாய்க்கு அரை மணி நேரம். கடைசியில் டேஷ்போர்டில் இருந்த பிள்ளையாரைக் கொசுறாகக் கேட்டார். கொடுத்தேன்.

பணம் கணக்கில் விழுந்ததைப் பார்த்த பிறகு அவருடைய மச்சான் மெல்ல ஆரம்பித்தார். "29, 30 ரெண்டு ஃபாரத்துலயும் கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க சார். தேதி வேணாம், பேர் வேணாம். பேர் மாத்தறதை அப்புறம் பாத்துக்கலாம்." நல்லவர்கள்தான். ஆனாலும் இந்த 'அப்புறம்' இருக்கிறதே, அது மகானைவிட மோசம். மோட்டார் வாகனச் சட்டம், விற்றவர் பதினான்கு நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓனர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லிவிட்டது. வண்டி நாலு கை மாறியிருந்தாலும், விபத்து என்று வந்தால் நஷ்டஈடு கேட்டு நம் வாசலில்தான் நிற்பார்கள். தேதி, நேரம், வாங்குபவர் பெயர் எல்லாம் எழுதித்தான் கையெழுத்துப் போட்டேன். ஆன்லைனில் பெயர் மாற்ற வந்த ஓடிபியையும் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து நானே போட்டேன்.

இவ்வளவு உஷாரான நான் கோட்டை விட்டது ஃபாஸ்டேக்கில். அதை மூட மறந்துவிட்டேன். மறுநாள் காலை இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்க்கும்போது செய்தி வந்தது: என் கார் விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைக் கடந்துவிட்டதாம். பல்லாவரத்துக்காரர் என் செலவில் குலதெய்வம் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார். பேரம் பேசிய ஐந்நூறு ரூபாயை இப்படித்தான் வாங்கிக்கொள்வார் போல என்று எழுந்துபோய் கையைக் கழுவினேன்.

விளம்பரத்தை எடுக்கவும் மறந்திருந்தேன். அன்று சாயங்காலம் புது நம்பரிலிருந்து ஒரு குரல். ஆனால் பழைய தேன்.

"சார், கார் இருக்கா? சொந்தப் பிள்ளை மாதிரி வெச்சிருக்கீங்க. நீங்க சொன்ன ரேட்டே ஓகே."

"இருக்கு சார். ஆனா ஒண்ணு, நீங்க கொஞ்சம் குறைச்சுக் கேக்கணும்."

"பரவால்ல சார், சொன்ன ரேட்டே..."

"அப்படிச் சொல்லக்கூடாது. ஒரு அஞ்சாயிரமாவது குறைச்சுக் கேளுங்க. டயர் வழுக்கைன்னு சொல்லுங்க."

அந்தப் பக்கம் நிசப்தம். தொழிலில் அவரிடம் இதுவரை யாரும் கேட்காத கேள்வி.

"சரி, பிள்ளையாரையாவது கேளுங்க" என்றேன்.

வைத்துவிட்டார்.