சந்தேகப் பட்டியல்

பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் ‘பட்டி’ என்று கூப்பிடுவார். டெட்ராய்ட் புறநகரில் பிறந்து வளர்ந்த மனிதருக்கு நான் உசிலம்பட்டிக்காரன் என்பது எப்படித் தெரிந்தது என்று முதல் நாள் திகைத்துப் போனேன். நண்பனைக் கூப்பிடும் இந்த ஊர்ச் சொல் அது என்று பிறகுதான் புரிந்தது. வேலியோரம் வந்து ‘பட்டி’ என்று குரல் கொடுத்தால், கராஜில் எதையோ பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அர்த்தம்.

அவர் வைத்திருப்பது 1969-ம் வருடத்துக் கமாரோ. அந்த வருடத்துச் சாமான் என்று காரில் மிச்சம் இருப்பது கதவும் கூரையும்தான். மற்றதையெல்லாம் மாற்றிவிட்டார். கெட்டுப்போய் மாற்றியது பாதி, கெட்டிருக்குமோ என்று மாற்றியது பாதி.

காரோடு மல்லுக்கட்டுகிறவர்களில் பழுது பார்ப்பவர் வேறு, பாகம் மாற்றுபவர் வேறு. தூரத்திலிருந்து வித்தியாசம் தெரியாது. அதே கறை படிந்த பேண்ட், அதே டார்ச் லைட், குனிந்து நிமிரும்போது அதே முனகல். ஏதாவது ஓடவில்லை என்றால் முதலாமவர் கோளாறு எங்கே என்று தேடுவார். இரண்டாமவர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று பார்ப்பார். என் பெரியப்பா ஒருவர் ஃபேன் சுற்றவில்லை என்று புது ஃபேன் வாங்கி மாட்டிவிட்டு, தெருவுக்கே கரண்ட் இல்லை என்பதை அப்புறம் கண்டுபிடித்தவர். ஆகையால் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்ததுமே எனக்கு இனம் தெரிந்துவிட்டது.

இந்தக் கோடையில் அவரைப் பிடித்த சனியன், லைன் லாக்.

டிராக் ரேஸ் என்பது கால் மைல், அதாவது 402 மீட்டர், நேர்கோட்டில் பறப்பது. கிளம்பும் முன் பின்சக்கரத்து டயரைச் சூடேற்ற வேண்டும். சூடேறிய ரப்பர் பிசுபிசுத்துத் தரையைக் கவ்வும். காரை நின்ற இடத்திலேயே நிறுத்தி, பின்சக்கரத்தை மட்டும் கண்டபடி சுழல விட்டால் சூடு ஏறிவிடும். ஆனால் பிரேக்கை மிதித்தால் நாலு சக்கரமும் அல்லவா பிடிக்கும்? அதற்காக, முன் பிரேக்குக்குப் போகும் குழாயில் கரண்டில் வேலை செய்யும் வால்வு ஒன்றை மாட்டுகிறார்கள். அதுதான் லைன் லாக். பெடலை ஓங்கி மிதித்து, பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, காலை எடுத்துவிட வேண்டும். மதகை இறக்கின மாதிரி வால்வு அடைத்துக்கொள்ளும். முன்பக்கம் ஏறின அழுத்தம் அங்கேயே நிற்கும். பின்சக்கரம் மட்டும் சுழன்று புகை கக்கும். 2015 மஸ்டாங் ஜிடியில் ஃபோர்டு கம்பெனியே இந்த வசதியை வைத்துக் கொடுத்தது. மொட்டையான டயருக்கு ரெண்டு தரம் ரீட்ரெட் போட்டு ஓட்டியவர் என் அப்பா. அவருக்கு இதைப் போனில் விளக்கினேன். “புது டயரைத் தேய்க்கிறதுக்கு ஒரு மிஷினாடா?” என்றவர், கொஞ்ச நேரம் பேசவேயில்லை.

கமாரோவில் இந்த மதகு நிற்கவில்லை. பட்டனை அழுத்திக் காலை எடுத்தால் கொஞ்ச நேரம் நிற்கும். ஆக்ஸிலேட்டரைக் கொடுத்ததும் கார் கல்யாண ஊர்வலத்துக் கார் மாதிரி மெல்ல முன்னால் நகரும்.

கடையில் விலைக்குக் கிடைக்கும் பொருளை மட்டுமே சந்தேகிப்பது அவர் வழக்கம். முதலில் வால்வு மாறியது. பிறகு மாஸ்டர் சிலிண்டர். பிறகு முன்பக்கத்துக் காலிப்பர் இரண்டும், ஹோஸ் இரண்டும். பிறகு பட்டன். பிறகு, வால்வுக்குக் கரண்ட் போதவில்லையோ என்று பேட்டரி. மகள் கிறிஸ்துமஸுக்குப் பரிசளித்த மல்டிமீட்டர் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் ஆணியில் தொங்கியது. பேட்டரியை அளக்க ஒரு நிமிடம் ஆகும். வாங்கி வர ஒரு மணி நேரம். அவருக்கு ஒரு மணி நேரம்தான் வேலை செய்த மாதிரி இருக்கும்.

கழற்றின சாமான்களைத் தூக்கிப் போடமாட்டார். துடைத்து, ‘கெட்டது’ என்று சீட்டு ஒட்டி அலமாரியில் வைப்பார். மிச்சிகன் மாநிலத்திலேயே மிக நல்ல நிலையில் இருக்கும் கெட்ட சாமான்கள் அவை.

பிரேக்கில் எதைக் கழற்றினாலும் குழாயில் காற்று புகுந்துவிடும். அதை வெளியேற்றும்போதுதான் நான் பட்டி. அவர் சக்கரத்தடியில் படுத்துக்கொண்டு “மிதி” என்பார், மிதிப்பேன். “பிடி” என்பார்; பிடிப்பேன். நிப்பிளைத் திறந்ததும் கால் கீழே அமுங்கும். அவர் மூடி முடித்து “விடு” என்று சொல்வதற்குள் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். இப்படி எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்! என் வலது காலில் புதுச் சதை வைத்திருப்பதாக மனைவி சொல்கிறாள்.

மூன்றாவது வால்வும் நிற்காத அன்று, வாங்குவதற்குக் கடையில் ஒன்றும் மிச்சமில்லை. அவர் என் பக்கம் திரும்பி, என் கையைப் பிடித்துக் கட்டைவிரலை உற்றுப் பார்த்தார்.

“பட்டி, நீ பட்டனைச் சரியா அழுத்தலையோ? கம்ப்யூட்டர்ல தட்டிப் பழகின விரல். லேசாத்தான் அழுத்துவே.”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அவரையே சீட்டில் உட்கார வைத்துப் பட்டனைக் கொடுத்தேன். மல்டிமீட்டரின் உறையைக் கிழித்தேன். பட்டன் அழுத்தியபடி இருக்க, வால்வில் 12 வோல்ட் குறையாமல் வந்தது; ‘டக்’ என்ற சத்தமும் கேட்டது. பெடல் கல் மாதிரி இருந்தது, ஆகவே காற்றும் இல்லை. முன்பக்கம் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நின்றது. அவர் காலை எடுத்ததும் சக்கரத்தைத் திருகினேன், அசையவில்லை. மனதுக்குள் எண்ணினேன். பத்து எண்ணுவதற்குள் சக்கரம் இளகிக் கையோடு சுற்றியது. வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசிவில்லை. அப்படியானால் வால்வு வாயை முழுதாக மூடவில்லை. எண்ணெய் வந்த வழியே திரும்பிப் போகிறது.

அப்போதுதான் மரையின் விளிம்பில் வெள்ளையாக ஏதோ எட்டிப் பார்த்தது. டெஃப்லான் டேப். நம் ஊர் பிளம்பர் குழாய்க்குச் சுற்றுவாரே, அதேதான். பிரேக் குழாயின் விரிந்த முனை உலோகத்தோடு உலோகம் அழுந்தித் தானே அடைத்துக்கொள்ளும். டேப் அங்கே தேவையில்லை. மரை இறுகும்போது அது நார் நாராகக் கிழிந்து எண்ணெயோடு உள்ளே போகும். கழற்றிப் பார்த்தோம். தலைமுடி கனத்தில் வெள்ளை நூல் ஒன்று வால்வின் வாயில் படுத்திருந்தது.

மூன்று வால்வுக்கும் டேப் சுற்றியது அவர்தான். போன தடவை கசிந்திருக்குமோ என்று ஒவ்வொரு தடவையும் ஒரு சுற்று கூடுதலாக.

அலமாரியிலிருந்து முதல் வால்வை எடுத்துக் கழுவி, டேப் இல்லாமல் மாட்டினோம். வழக்கம்போல மிதித்தேன், பிடித்தேன், விட்டேன். பட்டனை அழுத்தினார். சக்கரத்தை நான் இரண்டு கையாலும் திருகினேன், தொங்கிக்கூடப் பார்த்தேன். அசையவில்லை.

அவர் அந்த வெள்ளை நூலை விரல் நுனியில் வைத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் மரியாதைக்காக வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“பட்டி,” என்றார் கடைசியில். “இந்த டேப்பெல்லாம் இப்ப ரொம்ப மட்டமா வருது.”

டேப் சுருளை எடுத்துத் துடைத்து, ‘கெட்டது’ என்று சீட்டு ஒட்டி, அலமாரியில் பேட்டரிக்குப் பக்கத்தில் வைத்தார்.