பால் காய்ச்சிய பிறகு

கன்னிவாடிக்கு மேலே ஆடலூர், பன்றிமலைப் பக்கம் வீடு கட்டிக் குடியேறும் சென்னைக்காரர் முதலில் தேடுவது அமைதி. மறுநாள் தேடுவது செல்போன் சிக்னல். 1845-இல் கோடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டிய அமெரிக்கப் பாதிரிமாருக்கு இந்தக் கவலை இல்லை. வண்டிச் சாலையும் இல்லைதான், ஆனால் டோலி தூக்க ஆள் இருந்தார்கள்.

நம்மவர் புல்தரை போட்டார், வேலி போட்டார், ஆசைக்கு நாலு மலைவாழையும் வைத்தார். குலை தள்ளியதும் யானை வந்தது. “என் இடத்துக்குள்ள எப்படி வரலாம்?” என்று வனத்துறைக்குப் போன் போட்டார். பட்டா அவர் பெயரில்தான் இருக்கிறது, பாவம், யானைக்கு வில்லங்கச் சான்றிதழ் பார்க்கத் தெரியவில்லை.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வேலியை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பால் காய்ச்சினப்பவே அதையும் கூப்பிட்டிருக்கணும் சார்.”