கொடுக்கப்பட்டவை: ஒரு மலை

திருவண்ணாமலையில் பிளஸ் டூ பிள்ளை இருக்கும் வீட்டாருக்கு ஃபிசிக்ஸ் டியூஷன் சாரைத் தனியாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மொட்டை மாடியில் தகரக் கூரை, அதன் கீழ் ஒரு கரும்பலகை, வாசலில் முப்பது சைக்கிள். சட்டைப் பையின் ஓரத்தில் இருக்கும் வெள்ளை திருநீறா சாக்பீஸ் தூளா என்று சாருக்கே தெரியாது. ஊர் அக்னித் தலம். சாருக்கு மட்டும் மின்சாரத் தலம்.

அவர் பேச்சே கணக்கு விடையின் வரிசையில்தான் வரும்: கொடுக்கப்பட்டவை, சூத்திரம், பிரதியிடல், விடை, கடைசியில் அலகு. கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனாலும் தப்ப முடியாது. "தேதி இருக்கு, மண்டபம் இருக்கு, ஏழரைன்னு போட்டிருக்கு. காலையா, சாயந்திரமா? அலகு எங்கய்யா?"

பொதுத்தேர்வில் இயற்பியல் எழுத்துத் தேர்வு 70 மார்க். அதில் 24-ஆவதும் 33-ஆவதும் கட்டாயக் கேள்விகள். பெரும்பாலும் கணக்காகத்தான் வரும். தேற்றங்களை உருப்போட்டுக் கரையேறும் பையன்கள் இந்த இரண்டு இடத்தில்தான் கால் வழுக்குவார்கள். வழுக்குபவர்களை நம்பித்தான் சாரின் அடுப்பு எரிகிறது.

வழுக்கும் இடமும் அவருக்கு மனப்பாடம். ஒவ்வொன்றும் ஒரு மைக்ரோ கூலூம் உள்ள இரண்டு மின்துகள்கள், இடைவெளி ஒரு மீட்டர், விசை என்ன? மைக்ரோவை மறந்துவிட்டு ஒரு பையன் 9 × 10⁹ நியூட்டன் என்று எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டான். சார் நோட்டை ஜன்னலுக்கு நேரே பிடித்தார். "தொள்ளாயிரம் கோடி நியூட்டன்! ஒம்பது லட்சம் டன் எடைடா! ராஜகோபுரத்தையே தூக்கி செங்கத்தில வச்சிடுவ போலிருக்கே!" பிறகு டென் பவர் மைனஸ் சிக்ஸை இரண்டு முறை பெருக்கிக் காட்டினார். மிஞ்சியது 0.009 நியூட்டன். ஒரு கிராம் எடைகூட இல்லை. "கோபுரம்னு நெனச்சது ஒரு சிட்டிகை திருநீறுடா. விடை வந்ததும் பேனாவ மூடாத. இது ஊர்ல நடக்குமான்னு ஒரு தரம் யோசி."

அவருக்கு ஊர்தான் சோதனைச்சாலை. சுவிட்சைப் போட்டதும் ஃபேன் சுற்றுகிறதே, எலக்ட்ரான் அவ்வளவு வேகமா என்று கேட்டால் தீபத்தன்றைய கூட்டத்தைக் காட்டுவார். ராஜகோபுர வாசலில் ஒருவர் தள்ளினால், தேரடியில் நிற்பவருக்குச் சட்டைப் பட்டன் தெறிக்கும். ஆனால் ஒருவரும் ஓரடி நகர்ந்திருக்க மாட்டார்கள். தள்ளு வேகமாகப் போகிறது, ஆள் போவதில்லை. கம்பிக்குள் எலக்ட்ரான் நொடிக்குப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் ஊர்கிறது. அது 14 கிலோமீட்டர் கிரிவலம் போனால் நாலரை வருஷம் ஆகும். "நடுவுல ஐம்பது பௌர்ணமிக்கு மேல போயிடும்டா. அதுக்கு எத்தனை டீ வாங்கித் தரணும்!"

கிர்க்காஃப் விதியும் உள்ளூர்தான். சந்திப்பில் வந்து சேரும் மின்னோட்டமும் வெளியேறும் மின்னோட்டமும் சமம். டியூஷன் ஃபீஸுக்கு மட்டும் இது பொருந்துவதில்லை. வீட்டில் முழுசாகக் கிளம்புவது சாரிடம் குறைந்துதான் வருகிறது. நடுவே பஜ்ஜிக் கடை என்றொரு கசிவு இருக்கிறது என்பது சாரின் ஆய்வு முடிவு.

இப்படிப்பட்டவரை மடக்கியவர்கள் இரண்டே பேர்.

முதலாமவர் ஒரு பையனின் அம்மா. பௌர்ணமி மறுநாள், வீங்கிய காலோடு ஃபீஸ் கட்ட வந்திருந்தார். சாருக்கு வாய் சும்மா இருக்குமா? "ராஜகோபுரத்துல ஆரம்பிச்சு ராஜகோபுரத்துக்கே வந்துட்டீங்க. மூடிய பாதை. புவியீர்ப்பு விசை செஞ்ச வேலை மொத்தத்துல சுழிம்மா. நிலைமின்புலத்திலயும் இதே கதைதான்."

அந்த அம்மா பணத்தை முந்தானையில் திரும்ப முடிந்துகொண்டார். "எம்புள்ளையும் போன வருசம் எங்க நின்னானோ அங்கியேதான் நிக்கிறான். அப்ப உங்க ஃபீசும் சுழிதான சார்?"

இரண்டாமவன் கடைசி பெஞ்ச். வட்டச் சுருளின் காந்தப்புலம் நடத்திய நாள். சார் ஜன்னல் வழியே மலையைக் காட்டினார். "கிரிவலம் போறவங்க எல்லாரும் நேர்மின்னூட்டம்னு வச்சுக்கோ. மலைய வலப்பக்கம் வச்சு சுத்துறாங்க. மலை நடுவுல காந்தப்புலம் எந்தப் பக்கம்?"

"மேல சார், தீபத்தப் பாத்து!" என்றது வகுப்பு. பக்தியில் குறையில்லை.

"வலது கைய நீட்டு. நடக்கிற திசையில விரல மடக்கு. கட்டை விரல் எங்க காட்டுது?"

முப்பது கட்டை விரல்களும் தரையைக் காட்டின. வகுப்பின் முகம் வாடிவிட்டது. தீபம் மேலே இருக்க, புலம் பாதாளத்துக்குப் போவதா?

கடைசி பெஞ்ச் எழுந்தது. "சார், எங்கள ஏன் நேர்மின்னூட்டம்ங்கறீங்க? மார்க் ஷீட்ட பாருங்க, நாங்க எல்லாம் எலக்ட்ரான் சார். எலக்ட்ரான் ஓடுறதுக்கு எதிர்த்திசைதான மின்னோட்டம்? அப்ப புலம் மேலதான்!"

சார் தன் கையை எதிர்ப்பக்கமாக மடக்கிப் பார்த்தார். கட்டை விரல் நேராக 2,668 அடி உச்சியைக் காட்டியது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் பழக்கம் விடுமா?

"விடை சரி. அலகு எங்கடா?"

"திசைக்கு ஏது சார் அலகு?"

அத்தனை வருஷ சர்வீஸில் சாருக்கே அரை மார்க் குறைந்தது அன்றைக்குத்தான்.