பரிசு வாங்கினால்தான் படம்

நம் சினிமாவில் மாற்றுத்திறனாளிப் பிள்ளையாகப் பிறந்தால் வழி இரண்டுதான். ‘அஞ்சலி’ (1990) போல வீட்டையே அழவைத்துவிட்டு இறந்துபோக வேண்டும். இல்லையேல் ‘ஹரிதாஸ்’ (2013) போல மாரத்தான் ஓட வேண்டும். இந்திக்கு ஓடினாலும் தப்ப வழியில்லை. ‘தாரே ஜமீன் பர்’ (2007) சிறுவனுக்கு எழுத்து வசப்படாவிட்டால் ஓவியப் போட்டியிலாவது முதலிடம் வந்தாக வேண்டும். கணக்கில் 35 வாங்கி, தாழ்தளப் பேருந்துக்குக் காத்து நின்று, தங்கையோடு ரிமோட்டுக்குச் சண்டை போடும் பிள்ளைக்குக் கால்ஷீட் கிடையாது.

“உள்ளதை உள்ளபடி காட்டினால் யார் பார்ப்பார்கள்?” என்பார்கள். மூளை முடக்குவாதமுள்ள பெண் பருவமடைவதைப் ‘பேரன்பு’ காட்டியது, பார்த்தோமே! அதிலும் நடித்த சிறுமிக்கு அந்தக் குறைபாடு இல்லை. நடிப்பென்றால் வேறொருவராக மாறுவதுதானே என்ற வாதம் நியாயமானது. ஆனால் அது ஏன் ஒருவழிப் பாதை? சக்கர நாற்காலியில் வரும் இளைஞரை, நாற்காலியைப் பற்றி ஒரு வசனமும் இல்லாமல், நாயகனிடம் கடன் வாங்கித் திருப்பித் தராத நண்பனாகப் போடலாமே. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், மாற்றுத்திறனாளிகளைக் கேலிப்பொருளாக்காதீர்கள், அசகாய சூரர்களாகவும் ஆக்காதீர்கள் என்று வழிகாட்டியது. இரண்டும் போனால் கதாசிரியர் பாவம் என்ன செய்வார்? பின்னணியில் இன்னும் நாலு வயலின் கேட்பார்.