நன்றியுரையார்

பல்கலைக்கழக விழா அழைப்பிதழ் கைக்கு வந்தால் நான் கீழிருந்து மேலாகத்தான் படிப்பேன். மேலே துணைவேந்தர் பெயர் சினிமா போஸ்டர் அளவில் இருக்கும். அடுத்துப் பதிவாளர், புலத் தலைவர், துறைத் தலைவர் என்று எழுத்து இளைத்துக்கொண்டே வந்து, அச்சகத்தில் மிச்சமிருந்த மையை வழித்து அடித்ததுபோல் கடைசியில் ஒரு வரி நிற்கும்: நன்றியுரை. அதற்கும் கீழே நாட்டுப்பண். தேநீர் எத்தனை மணிக்கு என்பதை இந்த இரண்டு வரிகளை வைத்துத்தான் கணக்குப் போடவேண்டும்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் அந்தக் கடைசி வரியில் 26 ஆண்டுகள் ஒரே பெயர்தான் இருந்தது. அவர் தமிழ்த்துறை, நான் இயற்பியல். பெயரை இங்கே எழுதினால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். போன் போட்டு எனக்கு நன்றி சொல்லத் தொடங்கிவிடுவார். அதற்கு என்னிடம் நேரமில்லை. மாணவர்கள் வைத்த பெயரே இருக்கட்டும்: நன்றியுரையார்.

அவருடைய வேலையின் கஷ்டம் புரிய, அவருக்கு முன்னால் என்னென்ன நடக்கும் என்று தெரியவேண்டும். விழா தமிழ்த்தாய் வாழ்த்தில் தொடங்கும். அதை 55 விநாடிகளில் பாடவேண்டும் என்று 2021 டிசம்பரில் அரசாணையே வந்துவிட்டது. முடிவில் வரும் நாட்டுப்பண்ணுக்கு 52 விநாடி. ஆக மொத்தம் 107 விநாடி. நிகழ்ச்சி நிரலில் சொன்ன நேரத்துக்கு முடிகிற சங்கதிகள் இந்த இரண்டுதான். நடுவே குத்துவிளக்கு ஏற்றவேண்டும். மின்விசிறியை நிறுத்தினால்தான் திரி பிடிக்கும். எந்த சுவிட்ச் எந்த விசிறிக்கு என்று தெரிந்த ஒரே ஊழியர் அன்று விடுப்பில் இருப்பார். பிறகு வரவேற்புரை, தலைமையுரை, நோக்கவுரை, வாழ்த்துரை இரண்டு. முன்னிலை என்றும் ஒருவர் உண்டு. அவருடைய வேலை இருப்பது. சில நாள் அவரும் இருக்கமாட்டார். அப்புறம் சிறப்பு விருந்தினரைப் பற்றிய அறிமுகவுரை. அவர் பிறந்த ஊர், ஐந்தாம் வகுப்பு படித்த பள்ளி, எழுதிய நூல்கள், வாங்கிய விருதுகள், நெறிப்படுத்திய முனைவர் பட்டங்கள் எல்லாம் முடிந்து, பொன்னாடை போர்த்தி, அது தோளில் நிற்காமல் நழுவி, போட்டோக்காரருக்காக மறுபடி போர்த்தி, ஒருவழியாக மைக் முன்னால் வருவார். முதல் வாக்கியமே, “நேரமின்மை கருதி…”

ஒருநாள் நன்றியுரையாரிடம் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனைப் பற்றிச் சொன்னேன். மைக்கேல் ஃபாரடே காலத்தில் தொடங்கிய வெள்ளிக்கிழமை மாலைச் சொற்பொழிவுகள் அங்கே பெயர்போனவை. வரவேற்புரை, அறிமுகம் எதுவும் கிடையாது. மணி அடித்ததும் பேச்சாளர் உள்ளே வந்து முதல் வாக்கியத்திலேயே விஷயத்தைத் தொடவேண்டும். 1846இல் வீட்ஸ்டன் என்ற விஞ்ஞானி கடைசி நேரத்தில் பயந்து நழுவிவிட்டதாகவும், ஃபாரடேயே மேடையேறிச் சமாளித்ததாகவும் ஒரு கதை உண்டு. அதனாலேயே பேச்சாளரை முன்கூட்டி ஓர் அறையில் வைத்துப் பூட்டும் வழக்கம் வந்தது என்பார்கள்.

நன்றியுரையார் தாடையைத் தடவினார். “நம்ம ஊர்ல பேச வந்தவரைப் பூட்ட வேண்டியதில்லைங்க ஐயா. கேக்க வந்தவங்களைத்தான் பூட்டணும்.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த கருத்தரங்கிலேயே பூட்டிவிட்டார். “பின்னூட்டப் படிவத்துக்கான கியூஆர் கோடு நன்றியுரை நிறைவுற்றதும் திரையில் தோன்றும். படிவத்தை நிரப்பியவர்களுக்கே சான்றிதழ்” என்று மதியமே அறிவிப்பு வந்தது. எழுந்த மாணவர்கள் உட்கார்ந்தார்கள். கதவு திறந்தே கிடந்தது. வெளியே பாய்லரில் டீ கொதிக்கிற வாசனை உள்ளே வந்தது. யாரும் அசையவில்லை. எங்கள் வளாகத்தில் நன்றியுரைக்கு அரங்கு நிறைந்திருந்த முதல் நாள் அது. செருப்புச் சத்தமும், மடக்கு நாற்காலிகள் ‘டபார் டபார்’ என்று மடங்கும் சத்தமும் இல்லாமல் பேசி அவருக்குப் பழக்கமே இல்லை. பாவம், அன்று இரண்டு இடத்தில் தடுமாறினார்.

இந்தக் கருத்தரங்குகள் ஏன் இப்படிப் பெருகின என்று வெளியாள் கேட்கலாம். உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருகிறது என்றால் வளாகத்தில் நாக்குகளுக்கு வேலை வந்துவிடும். எத்தனை சொற்பொழிவு, எத்தனை பயிலரங்கு என்று கணக்குக் காட்டவேண்டும். படம் வேண்டும், படத்தின் மூலையில் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, மணி எல்லாம் விழுந்திருக்கவேண்டும். அதற்காக இரண்டாமாண்டு பி.ஏ. வகுப்பை அப்படியே ஓட்டிவந்து உட்கார வைப்போம். பேச்சாளர் எந்தத் தீர்க்கரேகையில் நின்றார் என்பதற்கு ஆதாரம் வலுவாக இருக்கும். என்ன பேசினார் என்பதற்கு ஆதாரம் நன்றியுரையார் ஒருவர்தான்.

அந்த ஆதாரத்தின் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன்.

அவர் நன்றியுரையை முதல்நாள் இரவே எழுதிவிடுவார். அழைப்பிதழில் தலைப்பு இருக்கிறது, ஆள் பெயர் இருக்கிறது, வேறென்ன வேண்டும்? ஒருமுறை தலைப்பு ‘சங்க இலக்கியத்தில் நீர் மேலாண்மை’. வந்தவர் பென் டிரைவோடு வந்தார். அது எங்கள் கணினியில் திறக்கவில்லை. வேறு கணினியில் திறந்தது, ப்ராஜெக்டர் திறக்கவில்லை. நீலத் திரையில் ‘நோ சிக்னல்’ மட்டும் பளிச்சென்று தெரிந்தது. மைக் செட் தம்பி கேபிளைப் பிடுங்கிச் செருகினான், ஊதிச் செருகினான், மேஜைமேல் ஏறி நின்று ப்ராஜெக்டரை ஒரு தட்டுத் தட்டினான். 20 நிமிடம் போயிற்று. பேச்சாளரோ ஸ்லைடு இல்லாமல் ஒரு பாடலைக்கூடச் சொல்ல முடியாதவர். “திரை வரும்வரை வேறு ஒன்றைப் பேசிக்கொண்டிருப்போம்” என்று தம் மலேசியப் பயணத்தைத் தொடங்கினார். திரை வரவே இல்லை. பத்துமலையில் 140 அடி முருகன் சிலையைக் காட்டினார். 272 படிகளிலும் எங்களைக் கைப்பிடித்து ஏற்றினார். நடுவழியில் குரங்கு ஒன்று அவருடைய கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. அந்த இடத்தில் அரங்கம் நன்றாகவே ரசித்தது, தூங்கிக்கொண்டிருந்த புலத் தலைவர்கூடக் கண்விழித்து, “குடுத்துச்சா?” என்று கேட்டார். ஐம்பது நிமிடத்தில் சங்க காலத்து நீர் ஒரு சொட்டு விழவில்லை.

நன்றியுரையார் எழுந்தார். சட்டைப் பையிலிருந்து, பயன்படுத்தாத விடைத்தாளில் கிழித்த அரைத்தாளை எடுத்தார். “குளம், ஏரி, கண்மாய், மதகு, குமிழி என நம் முன்னோர் நீர் காத்த வரலாற்றை, மடை திறந்த வெள்ளம்போல் நம் செவிகளில் பாய்ச்சிய ஐயா அவர்களுக்கு…” என்று தொடங்கினார். நான் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தேன். அவர் கைதட்டிக்கொண்டிருந்தார். மேடையைப் பார்த்தேன். பேச்சாளர் கண்மூடித் தலையசைத்து, கைகூப்பி அந்தப் பாராட்டை ஏற்றுக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் கேட்டேன்: “என்னங்க ஐயா, அவர் தண்ணியைப் பத்திப் பேசவே இல்லையே?”

“அழைப்பிதழ்ல இருக்குல்ல? கோப்புல அதான் போகும்.”

போயிற்று. அந்த ஆண்டறிக்கையில் நீர் மேலாண்மைதான் பேசப்பட்டது. குரங்குக்கு அறிக்கையில் இடமில்லை.

ஆனால் பெயர்களில் அவர் இப்படி விளையாடமாட்டார். தொடக்க காலத்தில் பட்ட சூடு அது. ஒரு விழாவில் கணக்குப் பிரிவுக் கண்காணிப்பாளர் பெயரை விட்டுவிட்டார். வேண்டுமென்று விட்டதில்லை, தாளைப் புரட்டும்போது ஒரு வரி தாவிவிட்டது. சிற்றுண்டி பில் மூன்றுமுறை திரும்பி வந்தது. முதல் தடவை, 180 மெதுவடைக்கு மூன்று கடைகளில் கொட்டேஷன் வாங்காதது ஏன் என்று. இரண்டாம் தடவை, சட்னி வடையில் அடக்கமா தனியா என்று. மூன்றாம் தடவை காரணமே இல்லை, ‘மறு சமர்ப்பிப்பு’ என்று சிவப்பு மையில் இரண்டே சொல். அந்த வடைக்கு அவரே சம்பளத்திலிருந்து பணம் கட்டினார். அதன்பிறகு பட்டியல் வளர்ந்தது. தோட்டக்காரர் வந்தார், கோலம் போட்ட மாணவியர் வந்தார்கள், ஜெனரேட்டர் வந்தது. எல்லோரையும் சொல்லி முடித்தபின்னும் பயம் போகாமல், “நேரடியாகவும் மறைமுகமாகவும் உதவிய அனைவருக்கும்” என்று ஒரு காப்பீட்டு வாக்கியம் சேர்ப்பார். மறைமுகமாக உதவியவர் யார் என்று ஒருநாள் கேட்டேன். “வராம இருந்தவங்க. எல்லாரும் வந்திருந்தா வடை பத்தியிருக்குமா?” என்றார்.

வரவேற்புரைக்கு அவரை உயர்த்த இரண்டு துறைத் தலைவர்கள் முயன்றார்கள். எங்கள் உலகத்தில் அது பதவி உயர்வுதான். புதிதாய்ச் சேர்ந்தவருக்கு நன்றியுரை, பணிமூப்பு ஏற ஏற மேடையின் முன்பக்கத்துக்கு நகரவேண்டும். இவர் மறுத்துவிட்டார். “வரவேற்புரையில ‘வந்திருக்கும்’னு சொல்லும்போது அமைச்சர் இன்னும் சுங்கச்சாவடியில நிப்பார். நமக்குப் பொய் வராதுங்க” என்றார். நீர் மேலாண்மைக்குப் பிறகு இதைச் சொன்னவர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறக்கட்டளைச் சொற்பொழிவென்றால் மட்டும் அவர் குரல் தழையும். சொல்லின் செல்வர் ரா.பி. சேதுப்பிள்ளை தம் தாயார் சொர்ணம்மாள் பெயரில் அறக்கட்டளை வைத்தவர் என்பதை ஒவ்வொரு முறையும் சொல்வார். எங்கள் வளாகத்திலும் யார் யாரோ தாய் தந்தை நினைவாகக் கொடுத்த பணம் வங்கியில் கிடக்கிறது. அதன் வட்டியில் இன்று பேச்சாளருக்குப் பேருந்துக் கட்டணம்கூடத் தேறாது. ஆனாலும் ஆண்டுக்கு ஒரு பேச்சு நடந்தாகவேண்டும். கொடையாளரின் பேரன் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருப்பார். அவருடைய பாட்டியின் பெயரை நன்றியுரையார் இனிஷியலோடு, ஊரோடு, நிறுத்தி ஒருமுறை சொல்வார். அதற்குத்தான் பேரன் கோயம்புத்தூரிலிருந்து வருகிறார் என்பது என் கணக்கு.

2020இல் எல்லாம் கூகுள் மீட்டுக்குப் போயிற்று. இணையவழிக் கருத்தரங்கு ஒன்றில் அவர் 11 நிமிடம் மனமுருக நன்றி சொன்னார், மைக்கை அணைத்து வைத்துக்கொண்டு. 140 பேர் இருந்தோம். ஒருவரும் சொல்லவில்லை. அரட்டைப் பெட்டியில் ‘அருமை ஐயா’, ‘சிறப்பு’, ‘மின்சான்றிதழ் எப்போது வரும்’ என்று வந்துகொண்டே இருந்தது. நானும் கூப்பிய கை ஒன்று போட்டேன்.

வளாகப் பேச்சு எதற்குமே உதவாது என்று சொல்லவரவில்லை. 1928இல் ஜெர்மானிய இயற்பியலாளர் ஆர்னால்டு சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் பேசினார். அங்கே மாணவராக இருந்த சந்திரசேகர், பிறகு அவர் தங்கியிருந்த விடுதிக்கே போய்ப் பார்த்தார். உங்கள் புத்தகத்தைப் படித்திருக்கிறேன் என்று அந்தப் பையன் சொல்ல, அதெல்லாம் பழசாகிவிட்டது என்று சோமர்ஃபெல்டு புதிய இயற்பியலை எடுத்துச் சொல்லி, இன்னும் வெளிவராத தம் கட்டுரையின் அச்சுப்படியையும் கொடுத்தார். அந்தப் பையனுக்குத்தான் 1983இல் நோபல் பரிசு. இதைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் கொஞ்சம் தொண்டை கட்டும். நன்றியுரையார் முழுதும் கேட்டார். கேட்டுவிட்டு, “அன்னிக்கு நன்றியுரை யாருங்க?” என்றார்.

நான் படித்த புத்தகத்தில் அது இல்லை என்றேன்.

“ஒருத்தர் சொல்லியிருப்பாரே ஐயா. நாற்காலி போட்டவங்க பேரெல்லாம் எழுதி வச்சிருப்பாரே” என்று வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன மே மாதம் அவருக்குப் பணிநிறைவு. பாராட்டு விழாவுக்கு நாள் குறித்து, அழைப்பிதழ் அடித்தார்கள். நடுவில் கொட்டை எழுத்தில் ஏற்புரை என்று அவர் பெயர். கடைசி வரியில், சேர்ந்து மூன்று மாதமே ஆன உதவிப் பேராசிரியை ஒருவர். அந்தப் பெண் முதல்நாள் மாலை அவரைத் தேடிக்கொண்டு வந்தார். நான் அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

“ஐயா, நாளைக்கு எனக்கு நன்றியுரை. எப்படி எழுதறதுன்னே தெரியலைங்கய்யா.”

“உக்காரும்மா” என்றார். விடைத்தாள் ஒன்றை இரண்டாய்க் கிழித்து, அரை மணி நேரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் அந்தப் பெண் ஓர் எழுத்துப் பிசகாமல் வாசித்தார். துணைவேந்தரில் தொடங்கி மைக் செட் தம்பிவரை 34 பெயர்கள். கணக்குப் பிரிவுக் கண்காணிப்பாளர் பெயர் இரண்டு இடத்தில் வந்தது. நன்றியுரையார் பெயர் ஓரிடத்திலும் இல்லை. நாட்டுப்பண் 52 விநாடியில் முடிந்தது. டீ வெளியே சூடாக இருந்தது.