பவர் மாமா

ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் நின்று, “டெக்சாஸ்காரர் எங்கே இருப்பார்?” என்று கேளுங்கள். காபிக் கடை பெஞ்சிலிருந்து ஒருவர் கை தூக்குவார். டெக்சாஸ் பக்கம் அவர் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். டெக்சாஸில் இருக்கும் ஒருவருடைய பவர் ஏஜெண்ட், அவ்வளவுதான். சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் அவரேதான்.

இடுப்பில் சாவிக்கொத்து. ஒவ்வொரு சாவியிலும் பிளாஸ்திரி ஒட்டி, பால்பாயிண்ட் பேனாவால் எழுதியிருப்பார்: ‘டெக்சாஸ் மாடி’, ‘சிங்கப்பூர் கேட்’, ‘துபாய் மோட்டார் ரூம்’. “நம்ம திருவானைக்காவல் ஃப்ளாட்டை இப்போதைக்கு விக்கறதா இல்லை” என்பார். நம்ம என்றால் துபாய்க்காரருடையது. வீட்டுக்காரரே லீவில் வந்து இறங்கினாலும், “எத்தனை நாள் தங்கறதா உத்தேசம்?” என்று மாமாதான் கேட்பார்.

அத்தனையும் சட்டப்படி. தூதரகத்தில் கையெழுத்துப் போட்ட பவர் கூரியரில் வந்ததும், 3 மாதக் கெடு முடிவதற்குள் ஓடி ஸ்டாம்ப் கட்டணத்தைக் கட்டிவிடுவார். பவரையே விலை பேசிக்கொண்டு வருகிற புரோக்கர்களிடம், “2011-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுத்து ஓய், சூரஜ் லாம்ப் கேஸ். பவரை வச்சுண்டு வீடு உம்முதாகாது” என்று விரட்டுவார். அந்தத் தீர்ப்பு தனக்கும் பொருந்தும் என்பதுதான் அவருக்கு லேசில் நினைவு வராது.

கோயிலைச் சுற்றிய வீதிகளில் அடிமனை யாருடையது என்ற தகராறு வருஷக்கணக்காக ஓடுகிறது. பத்திரம் பதிய முடியாமல் வீடுகள் கிடக்கின்றன. அந்த வீடுகளின் பவர் என்றால் மாமாவுக்குக் கொள்ளை ஆசை. விற்கிற அலைச்சல் இல்லை, கௌரவம் மட்டும் உண்டு.

அவரை ஆட்டிப்படைப்பது ஒன்றே ஒன்று. 1872-ஆம் வருஷ ஒப்பந்தச் சட்டத்தின் 201-வது பிரிவுப்படி, கொடுத்தவர் கண்ணை மூடினால் பவரும் போயிற்று. விற்பனைப் பத்திரம் பதியப் போனால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று 30 நாளுக்குள் டாக்டரிடம் வாங்கிய சான்று வேறு கேட்கிறார்கள். அதனால் பெற்ற பிள்ளைகளுக்கு இல்லாத கரிசனம் மாமாவுக்கு. விடியற்காலையில் வாட்ஸப் கால் போடுவார்.

“பிபி மாத்திரை போட்டுண்டேளா அண்ணா?”

“போட்டுண்டேன். அந்த மோட்டார் ரிப்பேர் கணக்கு...”

“அது கிடக்கட்டும். ஊறுகாயைத் தொடாதேள்.”

கோயிலில் தன்வந்திரி சந்நிதியில் அர்ச்சனை செய்யும்போதும், தன் குடும்பத்துக்கு முன்னால் டெக்சாஸ்காரரின் நட்சத்திரத்தைத்தான் சொல்வார். டெக்சாஸ்காரருக்கு 81 வயது. போன மாதம் தும்மினார் என்று கேள்விப்பட்டு மாமாவுக்குத் தூக்கமே போய்விட்டது.

திருடர் இல்லை, வாடகை ஒண்ணாம் தேதி கணக்கில் ஏறிவிடும். இருந்தாலும், கடல் கடந்து இருக்கும் ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பவர் எழுதும்போது வாடகை வாங்க, வரி கட்ட என்று வேலையைப் பிரித்து எழுதுங்கள். விற்கும் அதிகாரத்தைத் தேவை வந்தால் பார்த்துக்கொள்ளலாம். வேண்டாம் என்று தோன்றினால் ரத்துப் பத்திரத்தைப் பதிவு செய்து, ஏஜெண்டுக்கும் தபாலில் தெரிவியுங்கள். மோட்டார் ரிப்பேர் கணக்கை மட்டும் கேட்காதீர்கள், கிடைக்காது.