எங்கள் தெருவுக்கு வந்த பிரெஞ்சு மஞ்சள்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வீட்டுக்கு வெளியே பெயிண்ட் அடிப்பதென்று முடிவானால், நிறம் பார்க்கும் சிரமம் வீட்டுக்காரனுக்கு இல்லை. ஷேட் கார்டைப் பிரிப்பதற்குள் மேஸ்திரி தீர்ப்புச் சொல்லிவிடுவார்: "ஒயிட் டவுன் கலர் போட்டுடலாம் சார். அதுதான் இப்ப ஓடுது."

அதாவது கடுகு மஞ்சள், ஜன்னலைச் சுற்றி வெள்ளைப் பட்டை. எங்கள் தெருவில் அந்த மஞ்சள் வீட்டுக்கு வீடு ஒரு தினுசு. எதிர் வீட்டுக்காரர் கொஞ்சம் தூக்கலாகக் கலக்கச் சொல்லிவிட்டார்; ஸ்கூல் பஸ் வந்து நிற்கிற மாதிரி இருக்கிறது.

பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, பிரெஞ்சுக்காரர்கள் வாழ்ந்த ஒயிட் டவுனில், இந்த மஞ்சளுக்கு ஒரு நியாயம் உண்டு. 1761-ல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அதற்குப் பிறகு எழுந்தவைதான் துய்மா வீதியிலும் ரோமன் ரோலண்ட் வீதியிலும் நாம் வாய் பிளந்து பார்க்கிற வீடுகள். செங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு. அந்தச் சுவர் குடித்த ஈரத்தைத் தானே வெளியே விட்டுவிடும். அதன் மேல் இன்றைய எமல்ஷனை அப்பினால் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு, ஐப்பசி மழை முடிந்ததும் பெயிண்ட் கொப்பளம் கொப்பளமாக எழும். எங்கள் வீடு சிமெண்ட் பூச்சு. அந்தத் தொல்லை இல்லை. உப்புக் காற்று ஒன்றே போதும் எங்களுக்கு.

மஞ்சளோடு விட்டார்களா? "காகிதப்பூ இல்லாம அந்தக் கலர் எடுக்காதுங்க" என்றாள் என் மனைவி. கேட் ஓரம் நின்ற கறிவேப்பிலை பலியானது. காகிதப்பூவுக்குப் பூர்வீகம் தென்னமெரிக்கா. 1760-களில் பூகேன்வில் என்ற பிரெஞ்சுக் கப்பல் தலைவரோடு உலகம் சுற்றிய கொம்மெர்சோன் என்ற தாவரவியலாளர் அதை பிரேசிலில் கண்டெடுத்து, தலைவர் பெயரையே செடிக்கு வைத்தார். மேலதிகாரியைக் குளிர வைக்கும் கலை எல்லா நாட்டிலும் உண்டு போலிருக்கிறது.

அந்தச் செடிக்கு வெயில் சுள்ளென்று அடிக்க வேண்டும். தண்ணீர் காட்டாமல் காயப்போட வேண்டும். எங்கள் வாசலோ வடக்கு பார்த்தது. போதாக்குறைக்கு, "பச்சப் புள்ள மாதிரி வாடுதே" என்று என் மாமியார் காலையும் மாலையும் அரிசி களைந்த தண்ணீரை ஊற்றுகிறார். இலையும் முள்ளுமாகக் கொழுத்து நிற்கிறது. பூ என்ற பேச்சே இல்லை. ரசத்துக்குக் கறிவேப்பிலை இப்போது கடையில் வாங்குகிறோம்.

இவ்வளவு செய்த நாங்கள், வீட்டு முகப்பில் நிஜமாகவே அழகாக இருந்த திண்ணையை இடித்துவிட்டு கார் ஏறச் சரிவு போட்டிருக்கிறோம். எங்கள் தெரு முழுக்க இதே கதைதான். வாய்க்காலுக்கு மேற்கே வைசியாள் வீதியில் போய்ப் பாருங்கள். மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரம் தெருவில் நடக்கிறவனுக்கு நிழல், உள்ளே திண்ணை உட்காருகிறவனுக்கு. இன்டாக் அமைப்பின் முயற்சியில் அந்த முகப்புகள் சீராகி, 2008-ல் யுனெஸ்கோவின் பாரம்பரிய விருதும் கிடைத்தது. அதைப் பார்த்துக் காப்பியடிக்கத்தான் எங்கள் தெருவில் யாருக்கும் தோன்றவில்லை.

எங்கள் தெருவில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர் ஒருவர்தான்: மூன்றாவது வீட்டு சொல்தா தாத்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், யூரோவில் பென்ஷன், பிரான்ஸ் அதிபர் தேர்தலில் ஓட்டு, ஜூலை 14 வந்தால் சட்டையில் பதக்கங்கள். அவர் வீடு கிளிப்பச்சை. வாசலில் திண்ணை, பக்கத்தில் முருங்கை. "மஞ்சள் அடிக்கலையா தாத்தா?" என்று கேட்டேன். "அந்தக் கலரை மார்சேயில் வேண்டிய மட்டும் பார்த்தாச்சு தம்பி" என்றார்.

சனி, ஞாயிறுகளில் வாடகை ஸ்கூட்டரில் வழி தவறி இந்தப் பக்கம் வருகிறவர்கள் எங்கள் சுவரைக் கண்டதும் இறங்கிவிடுகிறார்கள். ஒரு கல்யாண ஜோடி போட்டோகிராபரோடு வந்து, கேட்டில் சாய்ந்து, தோள் மேல் கை போட்டுப் படமெடுத்துவிட்டுப் போனது. சந்தோஷம், தாராளமாக வாருங்கள். காகிதப்பூ முள்ளில் லெஹங்கா கிழிந்தால் மட்டும் வீட்டுக்காரர் பொறுப்பல்ல.